கசிவு கேட்பவன்

டூசான் நகரத் தண்ணீர்த் துறையில்
எனக்கு வேலை, கேட்பது.
இரவு பதினொன்றுக்குத் தார்ச்சாலையில் மண்டியிட்டு
தரைமேல் மைக்கை வைத்து
ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.
நல்ல குழாய் ஊமை.
உடைந்த குழாய்தான் பேசும்.

இஸ்மேனியாவுக்கு வேலை, பார்ப்பது.
செவ்வாயின் வடசமவெளியில்
மூன்று காலில் நிற்கும் எந்திரத்தின் கையை
இங்கிருந்து அவள்தான் ஆட்டுகிறாள்.
முழங்கை நான்கு டிகிரி, மணிக்கட்டு இரண்டு,
சுரண்டு, நிறுத்து, படம் எடு.
இன்று எழுதினால் நாளை நடக்கும்.
நடந்ததா என்பது அதற்கும் பிறகு தெரியும்.
கல்யாணமும் அப்படித்தான் என்றேன்.
சிரிக்கவில்லை.

அங்கே ஒரு நாள்
நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம்.
அவள் அந்த நாளில் வாழ்கிறாள்.
எனக்கு வாரத்தில் ஒரு செவ்வாய்,
அவளுக்கு ஏழும் செவ்வாய்.
படுக்கையறை ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டினோம்.
ஃப்ரிட்ஜ் மேல் இரண்டு கடிகாரம்.
முப்பத்தாறு நாளுக்கு ஒருமுறை
அவள் காலையும் என் காலையும் சேர்ந்து விடியும்,
அன்று முட்டை பொரித்து, மிளகாய் வதக்கி
ஒரே மேசையில் சாப்பிடுவோம்.
மற்ற நாளெல்லாம்
சிங்க்கில் கவிழ்ந்திருக்கும் கோப்பையைத் தொட்டுப் பார்ப்பேன்.
ஈரமாக இருந்தால்
இப்போதுதான் போயிருக்கிறாள்.

ஜூன் கடைசியில், தோண்டிய பள்ளத்தில்
வெள்ளையாக ஏதோ தெரிந்தது.
நான்கு விரற்கடை மண்ணுக்கு அடியில்.
உப்பு என்றார்கள் பாதிப்பேர்.
பட்டாணி அளவில் ஏழெட்டுத் துணுக்கு
நிழல் விழும் மூலையில் கிடந்தன.
மறுநாள் படத்தில் ஐந்து.
பிறகு இரண்டு. பிறகு வெறும் மண்.
உப்பு எங்கும் ஓடிப்போகாதே!
காணாமல் போனதால்தான்
அது தண்ணீர் என்று தெரிந்தது.

விடியற்காலை நான்குக்குப் போன் வந்தபோது
கிராண்ட் சாலையில் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தேன்.
உருகிவிட்டதா என்றேன்.
இல்லை, காற்று அவ்வளவு மெலிசு,
ஈரமாக நேரமில்லாமல் நேரே ஆவியாகிவிடும் என்றாள்.
சத்தம்?
கொஞ்சம் யோசித்தாள்.
சத்தம் இல்லை.

மேலே டார்ச் பிடித்திருந்தாள் டெல்ஃபினா ஆன்டோன்.
ஓதாம் நிலத்தில் அவள் அக்கா வீட்டுக்கு
இன்னும் லாரியில்தான் தண்ணீர்.
"எவ்வளவு தூரத்தில் கிடைத்ததாம்?"
பதினேழு கோடி மைல்.
"அக்கா வீடு எழுபது மைல்" என்றாள்.
நான் பம்பைப் போட்டேன்.

நவம்பரில் அங்கே வெயில் சாய்ந்தது.
கையைத் தூக்கவும் மின்சாரம் போதவில்லை.
கடைசிக் கட்டளையாக
கையை மண்ணில் ஊன்றியே விட்டுவிடச் சொன்னாள்,
முனையில் இருக்கிற ஊசிகள்
இருக்கும்வரை குளிரை அளக்கட்டும் என்று.
அப்புறம் கரியமில வாயு உறைந்து
சூரியத் தகடுகள்மேல் பாளம் பாளமாக இறங்கியிருக்கும்.
இறங்கியிருக்கும் என்பது கணக்கு.
பார்த்தவர் யாருமில்லை.

ஜன்னல் தாளைக் கிழித்தோம், பசை போகவில்லை.
இப்போது எல்லா நாளும் இருபத்துநான்கு மணிதான்,
அது அவளுக்குப் பற்றவில்லை.
படுக்கையில் கண்ணைத் திறந்துகொண்டு
எதையோ கூட்டிக் கழிக்கிறாள்.

நேற்றிரவு என்னோடு வண்டியில் வந்தாள்.
சாண்டா குரூஸ் ஆற்றைக் கடந்தோம்:
மணல், கவிழ்ந்த தள்ளுவண்டி, மணல்.
பூட்டிய சலவைக்கடை வாசலில்
ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன்.
எனக்கு அது வார்ப்பிரும்பு, மூன்றடி ஆழம், மயிரிழை விரிசல்.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
குறி போட நீலச் சாயத்தை எடுத்துக் குனிந்தேன்.
மணிக்கட்டைப் பிடித்தாள்.
"இரு. கொஞ்சம் போகட்டும்."

நிமிடத்துக்கு இரண்டு காலன் வீண்.
விட்டேன்.